ஐப்பசி மழைக்கு எந்தப் படப் புத்தகம்?

1/
ஐப்பசி பிறந்தா எனக்கு ரெண்டு வேலை கூடிடும்.

ஒண்ணு, க்ளினிக்ல சளி, இருமல், காய்ச்சல், வயிற்றுப்போக்கு. குழந்தை மருத்துவருக்கு இது சீசன்.

ரெண்டாவது, சனிக்கிழமை சாயங்காலம் நாங்க நடத்துற கதை நேரத்துக்குப் புத்தகம் தேடுறது.

இந்த இழை ரெண்டாவது வேலையைப் பத்தி. கொஞ்சம் நீளம்தான். பொறுமையா படிங்க.

2/
ஊர் திருவண்ணாமலை. க்ளினிக் மாடியில ஒரு பெரிய பாய், ஒரு பெட்டி நிறைய புத்தகம். ஒன்றரை வயசுல இருந்து அஞ்சு வயசு வரைக்கும் பதினஞ்சு இருபது பிள்ளைங்க வருவாங்க. கூடவே அம்மா, அப்பா, ஆயா, தாத்தா.

அரை மணி நேரம்தான். ஃபீஸ் கிடையாது. ஊசியும் கிடையாது. அதை முதல்லயே சொல்லிடுவோம், இல்லன்னா பாதிப் பேர் படியேற மாட்டாங்க.

3/
ரெண்டு வாரம் முன்னாடி ஒரு அம்மா வாட்ஸப்ல ஒரு பட்டியல் அனுப்பினாங்க. பையன் போற ப்ளே ஸ்கூல்ல கொடுத்தது. "இலையுதிர்காலப் படப் புத்தகங்கள்"னு தலைப்பு. எல்லாமே வெளிநாட்டுப் புத்தகம். அட்டையில ஆரஞ்சு இலை, பூசணிக்காய், கழுத்துல கம்பளித்துணி சுத்தின கரடி.

"டாக்டரம்மா, இதுல எதை வாங்கட்டும்? ஒவ்வொண்ணும் ஐந்நூறுக்கு மேல இருக்கு."

அவங்க கவலை விலை. எனக்கு வந்த கேள்வி வேற. அந்தப் பையன் ஐப்பசியில ஜன்னலைத் திறந்தா என்ன பார்ப்பான்?

4/
மலையைப் பார்ப்பான். பச்சையா.

சித்திரை வைகாசியில பாறையும் காய்ஞ்ச புல்லுமா இருக்கிற அண்ணாமலை, வடகிழக்குப் பருவமழை நாலு நாள் அடிச்சா ஆளே மாறிடும். அக்டோபர், நவம்பர்ல இங்க இலை உதிராது. துளிர்க்கும்.

புத்தகம் "இப்போ இலையெல்லாம் பழுத்து விழுது"ன்னு சொல்லும். ஜன்னல் "இல்லையே"ன்னு சொல்லும். ரெண்டரை வயசுப் பிள்ளை யாரை நம்பணும்?

5/
நம்ம முன்னோர் வருஷத்தை ஆறு பருவமா பிரிச்சாங்க. கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். குளிர்ந்த காத்தும் மழையும் சேர்ந்த காலம். அந்த ஆறுல இலையுதிர்காலம்னு ஒண்ணு கிடையாது.

அதுக்காக நம்ம ஊர்ல இலையே கொட்டாதுன்னு அர்த்தம் இல்ல. கொட்டும். ஆனா மாசி, பங்குனியில.

6/
குளிர் நாட்டுல பல மரங்கள் குளிர்காலத்துக்கு முன்னாடி இலையை உதிர்க்கும். நம்ம பக்கத்து வறண்ட காட்டு மரங்கள், கோடைக்கு முன்னாடி தண்ணியை மிச்சம் பிடிக்க உதிர்க்கும். வேம்பும் அரசும் மாசி பங்குனியில இலை கொட்டி, செம்பு நிறத்துல தளிர் விடும்.

செக்கச்செவேல்னு இலை வேணும்னா நாட்டு வாதுமை மரத்தடிக்குப் போங்க. நாம பாதாம் மரம்னு சொல்றோமே, அதுதான். விழறதுக்கு முன்னாடி அதோட இலை அப்படிச் சிவக்கும்.

அதனால அந்த அம்மாகிட்ட நான் சொன்னது: "வாங்கறதா இருந்தா ஒண்ணே ஒண்ணு வாங்குங்க. ஆனா பங்குனியில படிங்க. பையன் கையில ஒரு வாதுமை இலையைக் கொடுத்துட்டுப் படிங்க."

7/
இது ஏன் இவ்வளவு முக்கியம்?

சின்னப் பிள்ளைங்க வார்த்தையை எப்படிப் பிடிக்கிறாங்கன்னு பாருங்க. படத்துல தவளையைத் தொடும். "தவள"ன்னு நாம சொல்வோம். சாயங்காலம் வாசல்ல தண்ணி தேங்கின இடத்துல ஒரு நிஜத் தவளை குதிக்கும். பிள்ளை திரும்பி நம்ம முகத்தைப் பார்க்கும்.

அந்தப் பார்வைதான் விஷயம். "புத்தகத்துல இருந்தது வெளியிலயும் இருக்கு!" இப்படிப் பத்து தடவை நடந்தா, புத்தகம்ங்கிறது உண்மையைச் சொல்ற பொருள்னு பிள்ளைக்குப் புரிஞ்சிடும். மேப்பிள் இலையால அதை இங்க செய்ய முடியாது.

8/
இன்னொண்ணும் இருக்கு. ருடீன் சிம்ஸ் பிஷப்னு அமெரிக்காவுல ஒரு பேராசிரியர். 1990இல் எழுதின கட்டுரையில, குழந்தைக்குப் புத்தகம் கண்ணாடியாவும் இருக்கணும், ஜன்னலாவும் இருக்கணும்னு சொன்னாங்க. கண்ணாடியில தன்னைப் பார்க்கணும். ஜன்னல்ல பிறரைப் பார்க்கணும்.

எந்தப் புத்தகத்துலயும் தன் வீடு, தன் தெரு, தன் ஆயா இல்லாத பிள்ளை ஒரு முடிவுக்கு வந்துடும்: "நம்ம ஊரு புத்தகத்துல வர்ற அளவுக்கு ஒண்ணும் இல்ல போல." யாரும் சொல்லிக் கொடுக்காமலே வர்ற முடிவு இது. இருபது வயசுல அதை மாத்துறது கஷ்டம்.

9/
எங்க பெட்டியில நாங்க வச்சிருக்கிற விதி: மூணு வயசு வரைக்கும் பெரும்பாலும் கண்ணாடி. அதுக்கு மேல ஜன்னல்களைத் திற.

ஜன்னல்லயும் பிள்ளை கைக்கு எட்டுற ஒரு பிடி இருக்கணும். 1962இல் வந்த எஸ்ரா ஜாக் கீட்ஸோட "தி ஸ்னோயி டே" புத்தகத்துல ஒரு பையன் பனி உருண்டையைச் சட்டைப் பையில போட்டுட்டு வீட்டுக்குப் போவான். அப்புறம் பார்த்தா பை காலி.

திருவண்ணாமலைப் பிள்ளைக்குப் பனி தெரியாது. ஃப்ரிட்ஜ் ஐஸ் தெரியும். ஒரு ஐஸ் கட்டியைப் பாக்கெட்ல போட்டு விட்டோம். கதை முடியறதுக்குள்ள எல்லாருக்கும் புரிஞ்சிடுச்சு. ட்ரவுசர் நனைஞ்சதுதான் மிச்சம்.

10/
எரிக் கார்லோட "தி வெரி ஹங்கிரி கேட்டர்பில்லர்" (1969) இன்னொரு உதாரணம். சனிக்கிழமை அந்தப் புழு தின்கிற பாதிச் சாப்பாடு நம்ம பிள்ளைங்களுக்குத் தெரியாது. பரவாயில்ல. இலை மேல முட்டை, பசி, பக்கத்துல விரல் நுழையற ஓட்டை, கடைசியில பட்டாம்பூச்சி. மழைக்கு அப்புறம் எலுமிச்சைச் செடியைத் திருப்பிப் பார்த்தா அதே கதை நம்ம வீட்டிலயும் நடந்துட்டு இருக்கும். தமிழ்-ஆங்கிலம் இருமொழிப் பதிப்பும் இருக்கு.

11/
சரி, ஐப்பசி கார்த்திகைக்கு என்ன தேடணும்?

மழை, குடை, காகிதக் கப்பல். தவளை, நத்தை, மண்புழு. முதல் மழைக்கு வெளிய வர்ற சிவப்பு வெல்வெட் பூச்சி. ராத்திரி லைட்டைச் சுத்துற ஈசல். தாழப் பறக்குற தட்டான். வேலியில பூத்த செங்காந்தள். கார்த்திகையில பூக்கறதால அதுக்குக் கார்த்திகைப் பூன்னே பேர். அகல் விளக்கு.

இதுல ஏதாவது ஒண்ணு படத்துல இருந்தா எடுத்து வைங்க. முழுப் புத்தகமும் மழையைப் பத்தி இருக்கணும்னு இல்ல.

12/
என் பெட்டியில இந்த மாசம் கண்டிப்பா இருக்கிற ஒண்ணு, அசோக் ராஜகோபாலனோட "கஜபதி குலபதி". சென்னை தூலிகா வெளியீடு. பெரிய யானைக்குச் சளி பிடிச்சா, அது தும்மினா என்ன ஆகும்? அவ்வளவுதான் கதை.

க்ளினிக்ல பாதிப் பிள்ளைங்க மூக்கு ஒழுகிட்டு இருக்கிற மாசத்துல இதைவிடப் பொருத்தமான கதை இல்ல. தும்மல் வர்ற இடத்துல எல்லாரும் சேர்ந்து தும்முவாங்க. தாத்தாக்களும்தான்.

13/
டாக்டர் நடத்துற கதை நேரம்னா "கை கழுவு", "காய்கறி சாப்பிடு" புத்தகமா இருக்கும்னு நினைப்பாங்க. எங்க பெட்டியில அது கிடையாது.

கை கழுவணும்னு சொல்ல வாய் இருக்கு, சோப்பு இருக்கு. அதுக்குக் கதை எதுக்கு? கடைசிப் பக்கத்துல நீதி சொல்ற புத்தகத்தைப் பிள்ளைங்க ரெண்டாவது தடவை கேட்க மாட்டாங்க. "இன்னொரு தடவ"ன்னு கேட்கிற புத்தகம்தான் நல்ல புத்தகம். ஒரே புத்தகத்தை இருபது தடவை கேட்டாலும் சலிக்காம படிங்க. ஒவ்வொரு தடவையும் அவங்க புதுசா ஒண்ணு பிடிக்கிறாங்க.

14/
இப்போ கஷ்டமான பகுதிக்கு வர்றேன்.

மழைப் புத்தகம்னா ஜாலியா இருக்கும்னுதான் எல்லா ஊர்லயும் நினைப்பாங்க. எங்க ஊர்ல அப்படி மட்டும் நினைக்க முடியாது.

2024 டிசம்பர் 1. ஃபெஞ்சல் புயல் கரை கடந்த மறுநாள். மலையடிவாரத்துல வ.உ.சி. நகர்ல மண்ணும் பாறையும் சரிஞ்சு வீட்டு மேல விழுந்தது. ஏழு பேர் இறந்துட்டாங்க. அதுல குழந்தைகளும் உண்டு. அந்த வருஷம் டிசம்பர் 13 மகாதீபத்துக்குப் பக்தர்களை மலையேற விடல.

15/
அதுக்கு அப்புறம் வந்த வாரங்கள்ல, காய்ச்சலே இல்லாத பிள்ளைங்களையும் அம்மாக்கள் தூக்கிட்டு வந்தாங்க. ராத்திரி தூங்க மாட்டேங்குது. விட்ட படுக்கை நனைக்கிற பழக்கம் திரும்ப வந்துடுச்சு. மழைச் சத்தம் கேட்டா இடுப்பை விட்டு இறங்க மாட்டேங்குது.

கதை நேரத்துல ஒரு நாள் மழைப் பக்கம் வந்தது. கோடு கோடா மழை, பின்னாடி ஒரு குன்று. நாலு வயசு இருக்கும் அந்தப் பொண்ணுக்கு. எந்திரிச்சு வந்து புத்தகத்தை மூடிட்டா. "மல வருமா?"ன்னு கேட்டா.

16/
என்ன பதில் சொல்வீங்க?

"வராது, பயப்படாதே"ன்னு சொல்லத்தான் வாய் வரும். ஆனா அது நம்மால காப்பாத்த முடியாத வாக்கு. பிள்ளைக்கும் அது தெரியும், மலை வந்ததை ஊரே பேசிட்டு இருந்ததே.

நான் சொன்னது: "பெரியவங்க மலையைப் பார்த்துக்கிட்டே இருக்காங்க கண்ணு. மழை அதிகமானா நாம எல்லாரும் வேற இடத்துக்குப் போயிடுவோம். இப்போ நான் உன் பக்கத்துல இருக்கேன்."

புத்தகத்தை மறுபடி திறக்கல. அவ மூடினது சரி. கதை நேரத்துல புத்தகத்தை மூடற உரிமை பிள்ளைக்கு உண்டு.

17/
அதுக்கு அப்புறம் மழைப் புத்தகம் எடுக்கும்போது மூணு விஷயம் பார்க்கிறேன்.

ஒண்ணு: கதையில பயம் வந்தா, "இதுக்கெல்லாமா பயப்படுவே"ன்னு யாரும் கேலி பண்ணக் கூடாது.

ரெண்டு: பயப்படுற பிள்ளை பக்கத்துல யாராவது இருக்கணும். அம்மா, ஆயா, நாய்க்குட்டி, யாரா இருந்தாலும் சரி.

மூணு: கடைசிப் பக்கம் ஈரமில்லாத ஓர் இடத்துல முடியணும். துவட்டின தலை, போர்வை, சூடா ஏதாவது குடிக்க.

பெரியவங்களுக்கு இது சாதாரணமா தெரியும். மழையில வீட்டை விட்டு ஓடின பிள்ளைக்கு அந்தக் கடைசிப் பக்கம்தான் கதையே.

18/
டாக்டரா ஒரு குறிப்பு. பேரிடருக்கு அப்புறம் பிள்ளைங்க கல்லு விழற மாதிரி, வீடு இடியற மாதிரி திரும்பத் திரும்ப விளையாடுவாங்க. திட்டாதீங்க. அது அவங்க பேசுற மொழி.

ஆனா தூக்கமின்மை, ஒட்டிக்கிறது, பேச்சு குறையறது, சாப்பிட மறுக்கிறது இதெல்லாம் ஒரு மாசத்துக்கு மேல நீடிச்சா டாக்டரைப் பாருங்க. 14416 டெலி மானஸ் இலவச உதவி எண். தமிழ்லயே பேசலாம். படப் புத்தகம் துணை. அது சிகிச்சைக்கு மாற்று இல்ல.

19/
அதே மாதிரி, ரெண்டு வயசு முடிஞ்சும் "அம்மா வா", "பால் வேணும்"னு ரெண்டு வார்த்தை சேர்த்துப் பேசலன்னா, "புத்தகம் படிச்சா சரியாகிடும்"னு காத்திருக்காதீங்க. முதல்ல காது கேட்குதான்னு பரிசோதிக்கணும், வளர்ச்சியைப் பார்க்கணும். புத்தகமும் படிங்க, பரிசோதனையும் பண்ணுங்க.

20/
"டாக்டருக்கு எதுக்கு இந்தக் கதை வேலை?"ன்னு சிலர் கேட்பாங்க.

1989இல் பாஸ்டன் நகர மருத்துவமனையில குழந்தை மருத்துவர்கள் "ரீச் அவுட் அண்ட் ரீட்"னு ஒரு திட்டம் ஆரம்பிச்சாங்க. செக்கப்புக்கு வர்ற பிள்ளை கையில ஒரு புத்தகம் கொடுத்து அனுப்பறது. 2014இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம், பிறந்ததுல இருந்தே படிச்சுக் காட்டச் சொல்லிப் பெற்றோருக்கு அறிவுறுத்தணும்னு தன் உறுப்பினர்களுக்குச் சொன்னது.

உலக சுகாதார நிறுவனம் 2019இல்: ஒரு வயசுக்குள்ள திரையே வேண்டாம். ரெண்டுல இருந்து நாலு வயசு வரைக்கும் ஒரு மணி நேரத்துக்கு மேல வேண்டாம். உட்கார்ந்திருக்கிற நேரத்துல படிச்சுக் காட்டுங்க, கதை சொல்லுங்க.

மழைக்காலம்னா பிள்ளை வீட்டுக்குள்ள. வீட்டுக்குள்ளன்னா கையில செல்போன். அதனாலதான் இந்த மாசத்துல புத்தகம் அவசியம்.

21/
வயசுவாரியா சுருக்கமா:

6 மாசம் முதல் 1 வயசு: கெட்டி அட்டைப் புத்தகம். பக்கத்துக்கு ஒரு படம். கடிக்கும், நக்கும். கடிக்கட்டும்.

1 முதல் 2: தெரிஞ்ச பொருள். குடை, நாய், சொம்பு, தவளை. விரலால காட்டி பேர் சொல்ற விளையாட்டு.

2 முதல் 3: சத்தம், திரும்பத் திரும்ப வர்ற வரி. சொட் சொட், தொபுக்கடீர், ஹச்.

3 முதல் 5: ஆரம்பம், ஒரு சிக்கல், ஒரு முடிவு உள்ள கதை. பக்கத்துக்கு மூணு நாலு வரி போதும்.

22/
எந்த மொழி? வீட்டு மொழி.

"இங்கிலீஷ் வரணும் டாக்டர்"னு சொல்வீங்க. வரும். ஆனா மடியில உட்கார்ந்து கேட்கிற கதை அம்மாவுக்கு வாயில வர்ற மொழியில இருக்கணும். எங்க பாயில வீட்டுல உருது பேசற பிள்ளைங்க இருக்காங்க, தெலுங்கு பேசற பிள்ளைங்க இருக்காங்க. படம் ஒண்ணுதான். அவங்க அம்மா அவங்க மொழியில சொல்லட்டும். தூலிகா ஒன்பது மொழிகள்ல புத்தகம் போடறாங்க.

புத்தகத்துல "மழை பெய்கிறது"ன்னு இருக்கும். நீங்க "மழ பெய்யுது பாரு"ன்னு சொல்லுங்க. அடுத்த தடவை எழுதி இருக்கிற மாதிரியே படிங்க. ரெண்டு தமிழும் பிள்ளைக்குச் சொந்தம்.

23/
"எனக்குப் படிக்கத் தெரியாதும்மா"ன்னு ஒரு ஆயா ஒதுங்கி உட்கார்ந்தாங்க. கையில எழுத்தே இல்லாத படப் புத்தகம் கொடுத்தோம். பத்து நிமிஷத்துல அவங்களைச் சுத்தி ஆறு பிள்ளைங்க.

படத்துல இருந்த விளக்கைக் காட்டி மாவளி கதைக்குப் போயிட்டாங்க. பனம்பூவைச் சுட்டுக் கரியாக்கி, பொடிச்சு, துணியில சுருட்டி, பனைமட்டைக்கு நடுவுல வச்சுக் கட்டி, கயித்துல சுழற்றினா தீப்பொறி வட்டமா பறக்கும். இந்தப் பிள்ளைங்கள்ல பாதிப் பேர் பார்த்ததே இல்ல.

24/
அதையே புத்தகமா ஆக்கினோம். நாலு ஏ4 தாள், நடுவுல மடிச்சு ஸ்டேப்ளர். ஆயா சொல்லச் சொல்ல பிள்ளைங்க வரைஞ்சாங்க. ஒரு பக்கம் பனைமரம், ஒரு பக்கம் கரி, ஒரு பக்கம் முழுக்க ஆரஞ்சுக் கிறுக்கல். கடைசியில மலை, உச்சியில ஒரு மஞ்சள் புள்ளி.

அந்த மஞ்சள் புள்ளியை யாருக்கும் விளக்க வேண்டியதில்ல. 2668 அடி உசரத்துல பதினோரு நாள் எரியற தீபம் எந்த மதத்து வீட்டு மொட்டை மாடியில இருந்து பார்த்தாலும் தெரியும்.

இந்த வருஷ ஐப்பசிப் பெட்டியில அதிகம் கேட்கப்படுற புத்தகம் அதுதான். செலவு பத்து ரூபா ஆகி இருக்காது.

25/
காசு செலவில்லாம எங்க கிடைக்கும்?

பிரதம் புக்ஸ் 2015இல் ஆரம்பிச்ச ஸ்டோரிவீவர் தளத்துல தமிழ்ப் படக்கதைகள் இலவசம். டவுன்லோட் பண்ணி பிரிண்ட் எடுத்துக்கலாம். குழந்தை கையில போனைக் கொடுக்காதீங்க, தாளைக் கொடுங்க.

1957இல் தொடங்கின நேஷனல் புக் டிரஸ்ட்டோட குழந்தைப் புத்தகங்கள் விலை குறைவு. புத்தகத் திருவிழாவுல அள்ளிட்டு வாங்க.

அரசுப் பள்ளியில அண்ணன் அக்கா படிச்சா, 2023இல் வந்த வாசிப்பு இயக்கப் புத்தகங்களைப் பத்தி டீச்சர்கிட்ட கேளுங்க. நுழை, நட, ஓடு, பறன்னு நாலு படி. "நுழை" புத்தகத்தை அண்ணன் தம்பிக்குப் படிச்சுக் காட்டலாம். ரெண்டு பேருக்கும் லாபம்.

நூலகத்துல உறுப்பினர் ஆகுங்க.

26/
எப்படிப் படிக்கறது?

விரலால காட்டுங்க. ஒரு கேள்வி கேளுங்க: "இது என்ன பண்ணுது?" கேட்டுட்டு வாயை மூடிட்டு மனசுக்குள்ள அஞ்சு எண்ணுங்க. பிள்ளைக்கு வார்த்தையைத் தேட நேரம் வேணும். "தண்ணி"ன்னு சொன்னா, "ஆமா, ஜில்லுனு தண்ணி"ன்னு ஒரு வார்த்தை கூட்டிக் கொடுங்க.

இப்படிப் பேசிக்கிட்டே படிச்சா பேச்சு வளருதுன்னு 1988லயே வைட்ஹர்ஸ்ட் குழுவினர் ஆய்வுல காட்டினாங்க. நம்ம ஆயாக்கள் அதுக்கும் முன்னாடி நிலாவைக் காட்டிக் காட்டினாங்க.

27/
கடைசியா, கடையில நின்னு யோசிக்கறவங்களுக்கு ஒரே ஒரு சோதனை.

புத்தகத்தைத் திறங்க. அதுல இருக்கிற ஏதாவது ஒண்ணை இந்த வாரம் உங்க பிள்ளைக்கு வாசல்ல காட்ட முடியுமா? முடியும்னா வாங்குங்க. முடியாதுன்னா கீழ வைங்க, அதுக்கான மாசம் வரும்.

28/
இந்த சனிக்கிழமையும் கதை நேரம் உண்டு. மழை பெஞ்சாலும் உண்டு. கொசு இருக்கு, முழுக்கை சட்டை போட்டு அழைச்சிட்டு வாங்க.

மத்த ஊர்க்காரங்க கமெண்ட்ல ஒரு உதவி பண்ணுங்க. உங்க ஊர்ல ஐப்பசி கார்த்திகையில பிள்ளைங்க பார்க்கிற ஒரு பூச்சி, ஒரு பூ, ஒரு விளையாட்டு எழுதுங்க, அங்க சொல்ற பேரோட. ஏ4 தாள் நிறைய வாங்கி வச்சிருக்கேன்.